தக்காளிப் பூவுக்கு வானொலி வைப்பதா, விரல் வைப்பதா?

கோட்டையடி மருமகள் | சனி, காலை 7.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு திருகோணமலையில், கோட்டை வாசலிலிருந்து நடந்துவிடும் தூரம். கோடிப்புறத்து வளவில் பதினொரு தக்காளி, ஆறு கத்தரி, ஒரு பூசணிக் கொடி, பந்தலில் இரண்டு புடோல் நிற்கின்றன. கச்சான் காற்று வீசத் தொடங்கி மூன்று கிழமை ஆகிறது. தக்காளி பூத்துத் தள்ளுகிறது. காய் ஒன்றுகூட இல்லை. பூக்காம்பின் நடுவில் முழங்கால் மாதிரி ஒரு மடிப்பு இருக்கிறதல்லவா, அந்த இடம் மஞ்சளாகி, தொட்டதும் பூ கையோடு வந்துவிடுகிறது. பூசணியில் சுண்டுவிரல் நுனி அளவில் பிஞ்சு தெரியும். நாலாம் நாள் நுனி அழுகி விழும்.

இதற்கு நடுவில் என் மாமா (கணவரின் தகப்பனார்) ஒரு வைத்தியம் தொடங்கியிருக்கிறார். நாற்பது வருடம் கோயில்களில் நாதஸ்வரம் வாசித்தவர். முன்பல் போன பிறகு வாத்தியத்தை உறையில் போட்டுவிட்டார். செடிக்குச் சங்கீதம் கேட்டால் காய்க்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். காலை ஐந்தரைக்கே தக்காளிப் பாத்திக்கு நடுவில் ஒரு கதிரையைப் போட்டு, அதன்மேல் வானொலிப் பெட்டியை வைத்துவிடுகிறார். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். மூன்றாம் தரம் பார்த்தால் பேசிவிடுவார்.

இந்தப் பாட்டு வைத்தியத்தில் ஏதாவது உண்மை இருக்கிறதா? இல்லையென்றால் கையால் மகரந்தம் சேர்ப்பது எப்படி? மாமாவின் மனம் நோகாமல் பதில் எழுதுங்கள். அவரும் வாசிப்பார்.

தம்பலகாமத்தான் | சனி, காலை 8.15

பூசணிக்கு மட்டும் சொல்கிறேன். பிஞ்சு அழுகுவது நோய் அல்ல. பெண் பூவுக்கு மகரந்தத் தூள் சேரவில்லை, அவ்வளவுதான். தூள் சேராத பிஞ்சைக் கொடி வைத்துக்கொள்ளாது. மருந்துக் கடைக்கு ஓடிக் காசைக் கரைக்காதீர்கள். வானொலியை வீட்டுக்குள் கொண்டு போங்கள், பனியில் கெட்டுவிடும்.

கிண்ணியா ராத்தா | சனி, காலை 10.02

தங்கச்சி, பூசணிக்கு நான் செய்வதை அப்படியே எழுதுகிறேன். இது என் மாமியார் பழக்கியது.

சுபஹ் தொழுதுவிட்டுக் கொடிக்குப் போவேன். பூசணிப் பூ விடியும்போது விரியும். வெயில் ஏற ஏற வாடும். பத்து மணிக்குப் போய் நின்றால் பூ வாயை மூடிக்கொண்டு நம்மைப் பார்த்துச் சிரிக்கும். ஆண் பூவுக்குக் காம்பு நீளம், மெலிவு. பெண் பூவுக்குக் காம்பு கட்டை. பூவுக்குக் கீழே குட்டிப் பூசணி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். கொடி முதலில் ஆண் பூவாகத்தான் விடும். பெண் பூ பிறகுதான் வரும். சிலர் அதற்குள் பயந்து கொடியையே பிடுங்கிவிடுகிறார்கள்.

அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைக் காம்போடு கிள்ளுவேன். இதழை உரித்தால் நடுவில் மஞ்சள் தண்டு மட்டும் மிஞ்சும். விரலால் தொட்டுப் பார்த்தால் கறிக்குக் கரைத்த மஞ்சள் மாதிரி ஒட்டும். அப்படி ஒட்டவில்லை என்றால் அந்தப் பூவை எறிந்துவிட்டு வேறு பூ எடுப்பேன். பெண் பூவுக்குள் மூன்று மடிப்பாகத் தடித்த குறி, தூளை ஏற்கும் இடம், தெரியும். மூன்றிலும் சுற்றிச் சுற்றிப் பூசவேண்டும். ஒரு பக்கம் விட்டுப்போனால் காய் ஒரு பக்கம் சூம்பிக் கோணலாக வரும். ஓர் ஆண் பூ இரண்டு, மூன்று பெண் பூவுக்குப் போதும். முடிந்ததும் பெண் பூவின் இதழ்களைக் கூட்டி வாழைநாரால் மெல்லக் கட்டிவிடுவேன். அது விதைக்கு எடுக்கும் காய் என்றால் மட்டும். பக்கத்து வளவுத் தூள் கலந்தால் அடுத்த வருடம் என்ன காய்க்கும் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

கெக்கரி, வத்தகை, பாகல் எல்லாவற்றுக்கும் இதே கைதான். பாகல் பூ சின்னது என்பதால் ஆண் பூவை அப்படியே கவிழ்த்து முத்தமிட வைப்பேன். பேரன் வெட்கப்பட்டு ஓடிவிடுவான்.

சுருதிப்பெட்டி | சனி, மாலை 4.30

தம்பலகாமத்து அண்ணை, வானொலியை அவ்வளவு சுலபமாக வீட்டுக்குள் அனுப்பிவிடாதீர்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறைக்குத் தலைவராக இருந்த டி.சி. சிங் 1950களிலேயே இதை ஆராய்ந்தவர். காசித்தும்பைக்கும் தொட்டாற்சுருங்கிக்கும் வயலின் வாசித்துக் காட்டி, இசை கேட்ட செடிகள் கூடுதலாக வளர்ந்தன என்று எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் சொன்னதை நாமே நம்பவில்லை என்றால் எப்படி? நான் நிலாவெளியில் இருக்கிறேன். என் மல்லிகைப் பந்தலுக்குக் கீழே தினமும் வீணை ஒலிக்கும். பூ குறைந்ததே இல்லை.

மாமாவுக்கு என் வணக்கம். தொடரட்டும்.

தம்பலகாமத்தான் | சனி, மாலை 4.52

என் மல்லிகைக்கு மாட்டெரு மட்டும் போடுகிறேன். அங்கும் பூ குறைந்ததில்லை.

பாலையூற்று வாத்தியார் | சனி, இரவு 8.45

முப்பத்திரண்டு வருடம் பௌதிகவியல் படிப்பித்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருமகளே, இப்போது ஒரு தக்காளிப் பூவை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் மஞ்சள் கூம்பு. மகரந்தக்கூடுகள் ஐந்தாறு தோளோடு தோள் ஒட்டி நின்று அந்தக் கூம்பு ஆகியிருக்கின்றன. குறி அதற்குள்ளே ஒளிந்திருக்கிறது. மகரந்தம் கூட்டின் உட்பக்கப் பிளவு வழியாகக் கூம்புக்குள் விழுந்து, நுனி வாயால் வெளியே வரும். கத்தரியில் இன்னும் இறுக்கம். ஒவ்வொரு கூட்டின் நுனியிலும் ஊசி குத்தியது போலத் துளை. அதன் வழியே மட்டும்தான் தூள் வரும். மிளகுத்தூள் போத்தலைக் கவிழ்த்தால் மட்டும் போதுமா? தட்டவேண்டும்.

தட்டுவதற்கென்றே சில வண்டுகள் இருக்கின்றன. நம் வீட்டுக் கூரை வளைமரத்தில் துளை போடும் கருவண்டு அவற்றில் ஒன்று. வயிற்றில் நீல வரி போட்ட, ஓரிடத்தில் நிற்காத தேனீ ஒன்றும் கத்தரிக்கு வரும், பார்த்திருப்பீர்கள். இவை பூவைக் கால்களால் கட்டிப்பிடித்து, சிறகை மடித்துவைத்துக்கொண்டு, பறக்கப் பயன்படும் தசையை மட்டும் அதிரவிடும். செக்கனுக்கு ஏறக்குறைய 200 முதல் 400 தடவை. தூள் புகை போலக் கொட்டும். பெட்டியில் வளர்க்கும் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. அதனால்தான் பெட்டி வைத்தும் கத்தரி காய்க்கவில்லை என்று சிலர் தலையில் கைவைக்கிறார்கள்.

இனி வானொலி. ஒலி காற்றின் வழியே வந்து பூவைத் தொடும்போது அதில் மிஞ்சும் சக்தி மிக மிகக் குறைவு. காதுக்குள் இருப்பது மெல்லிய சவ்வு, அது அசையும். மகரந்தக்கூடு அசையாது, அசைந்தாலும் தூள் உதிர அது போதாது. வண்டோ உடம்பை ஒட்டவைத்து அதிர்கிறது. நானும் அதைத்தான் செய்கிறேன். பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும் இசைக்கவை, 256 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 256 அதிர்வு) என்று பொறித்தது, என்னிடம் சொந்தமாக ஒன்று உண்டு. (ஓய்வு பெறும்போது திருடவில்லை, காசு கொடுத்து வாங்கினேன்.) அதை உள்ளங்கையின் அடியில் தட்டி, கவையின் காம்பைப் பூக்காம்பின் மடிப்புக்குச் சற்று மேலே தொடுங்கள். கீழே கறுப்பு அட்டைத் துண்டு ஒன்றைப் பிடியுங்கள். மஞ்சள் தூள் விழுவது கண்ணுக்குத் தெரியும். அதில் குறியின் நுனியைத் தொட்டுவிட்டால் வேலை முடிந்தது.

டி.சி. சிங் பற்றி: அவர் பேசியது வளர்ச்சியை. நம் மருமகளின் கேள்வி காய் பிடிப்பது பற்றியது. அந்தச் சோதனைகளில் வெளிச்சமும் தண்ணீரும் சூடும் எல்லாச் செடிக்கும் ஒன்றாக இருந்தனவா என்ற ஐயம் பின்னால் வந்தவர்களுக்குத் தீரவே இல்லை.

சுருதிப்பெட்டி | ஞாயிறு, காலை 6.20

சேர், உங்கள் காலத்துக்குப் பிறகும் ஆராய்ச்சி நடக்கிறது. டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் லிலாக் ஹடானி என்ற அம்மையாரும் குழுவினரும் 2019இல் வெளியிட்டது: கடற்கரையில் வளரும் ஒருவகை அந்திப்பூவுக்குத் தேனீயின் ரீங்காரத்தைப் பதிவு செய்து கேட்கவைத்தார்கள். 3 நிமிடத்துக்குள் பூவின் தேனில் இனிப்புக் கூடியது. இதுவும் காற்றில் வந்த ஒலிதான். பூவே காதாக வேலை செய்திருக்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பாலையூற்று வாத்தியார் | ஞாயிறு, காலை 7.05

நல்ல சோதனை, எனக்கும் பிடித்தது. இதழ்தான் அங்கே அதிர்ந்தது. பூவைக் கண்ணாடிக் குவளையால் மூடியபோது இனிப்புக் கூடவில்லை. மிக உயர்ந்த மீடிறன் (அதிர்வெண்) ஒலிக்கும் பூ அசைந்துகொடுக்கவில்லை. அதாவது பூ தேடியது தன் விருந்தாளியின் சத்தத்தை. அமெரிக்காவில் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் 2014இல் இதற்கு அண்ணன் போன்ற ஒன்றைச் செய்தார்கள். கம்பளிப்பூச்சி இலை கடிக்கும் அதிர்வை மட்டும் கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்றின் இலைக்குக் கொடுத்தபோது, பின்னால் உண்மையான பூச்சி வந்ததும் அந்தச் செடி கூடுதலான காரத்தைச் சுரந்தது. காற்றின் அதிர்வுக்கு அப்படிச் செய்யவில்லை.

செடிக்குச் செவி உண்டு என்று நீங்கள் வாதாடினால் நான் எதிர்க்கமாட்டேன். ஆனால் தேன் இனித்தால் வண்டு வரும். வண்டு வந்தால்தான் காய். வானொலி அந்த இரண்டாவது படியைச் செய்யாது.

பனியில் திருமலை | ஞாயிறு, காலை 9.50

கனடாவிலிருந்து எழுதுகிறேன். பிறந்தது மட்டிக்களியில். இங்கே ஒன்ராறியோவின் தெற்கில் லீமிங்டன் பக்கம் கண்ணாடிக் கூடாரத் தோட்டங்களில் ஏழு வருடம் தக்காளி பறித்தேன்.

கூடாரத்துக்குள் காற்று இல்லை, வண்டு இல்லை. 1980களின் இறுதிவரை இப்படியான தோட்டங்களில் ஆட்கள் மின்கலத்தால் அதிரும் கோலைப் பிடித்துக்கொண்டு, கிழமைக்கு இரண்டு மூன்று தரம், ஒவ்வொரு பூங்கொத்தாகத் தொட்டுக்கொண்டு நடந்தார்களாம். பிறகு பெல்ஜியத்திலும் ஒல்லாந்திலும் குண்டு வண்டுகளைப் பெட்டியில் வளர்த்து விற்கத் தொடங்கினார்கள். கோல் பரணுக்குப் போய்விட்டது. நாங்கள் வேலை செய்யும்போது காதருகே ‘ம்ம்ம்’ என்று ஒரே சத்தம். வண்டு தொட்ட பூக் கூம்பில் பல் பதிந்த மாதிரி மண்ணிறத் தழும்பு இருக்கும். மேற்பார்வையாளர் அந்தத் தழும்பை எண்ணித்தான் வண்டு வேலை செய்கிறதா என்று பார்ப்பார். எங்களையும் அப்படித்தான் எண்ணினார் என்பது வேறு கதை.

இசைக்கவை கிடைக்காவிட்டால் மின்கலத்தில் ஓடும் பல் துலக்கியின் முதுகைப் பூக்காம்பில் வையுங்கள். என் வீட்டு விறாந்தையில் அதுதான் நடக்கிறது. பூவின் முகத்தில் வைத்தால் கூம்பு முறிந்துவிடும். கவனம்.

கோட்டையடி மருமகள் | ஞாயிறு, இரவு 9.15

சேர் எழுதியதை மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். முகம் கொஞ்சம் சுண்டியது. பிறகு ‘256 என்றால் எத்தனை கட்டை?’ என்று கேட்டார். வித்துவான்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்களாம். எனக்கு எங்கே தெரியும்?

இன்று நடந்ததைச் சொல்கிறேன். சேர் மாலையில் சைக்கிளில் வந்து இசைக்கவையைத் தந்துவிட்டுப் போனார். மாமா அதை முழங்காலில் தட்டிக் காதருகே வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். ‘ஒரு கட்டைக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. சுருதி இறங்கிய கவையைத் தந்துவிட்டார் வாத்தியார்’ என்றார்.

சேர், இது உண்மையா? அவர் இன்னும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.

பாலையூற்று வாத்தியார் | ஞாயிறு, இரவு 10.10

உங்கள் மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிடவேண்டும். ஒரு கட்டை என்பது மேலைநாட்டு ‘சி’. ‘ஏ’ சுரத்துக்கு 440 என்று வைத்து எண்ணும் வழக்கப்படி அந்த ‘சி’ 261.6 ஹேர்ட்ஸ் வரும். நாங்கள் ஆய்வுகூடத்தில் 256 வைத்திருப்பது கணக்கு வசதிக்காக. ஒன்றை எட்டுத் தரம் இரட்டித்தால் 256. ஐந்தரை ஹேர்ட்ஸ் வித்தியாசத்தை வெறும் காதால் பிடித்துவிட்டார்! என் மாணவர்களுக்கு அதைக் காட்டச் சுரமானிக் கம்பியோடு ஒரு பாடவேளை போராடவேண்டும்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அவர் கோபிக்கக்கூடாது. தூள் உதிர்வதற்குச் சுரத்தை விட வீச்சம்தான் கணக்கு. எவ்வளவு வேகமாக அதிர்கிறது என்பதை விட எவ்வளவு தூரம் அசைகிறது என்பது. அதிர்வின் பலம் கூடினால் கொட்டும் தூளும் கூடும் என்றுதான் வண்டுகளை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஒரு கட்டையோ ஒன்றரைக் கட்டையோ, பூவுக்கு அவ்வளவாகப் பேதம் இல்லை.

சுருதிப்பெட்டி | திங்கள், காலை 6.00

அப்படியென்றால் தவில் வாசித்தால்?

பாலையூற்று வாத்தியார் | திங்கள், காலை 6.12

தவிலைச் செடியில் சாய்த்துவைத்து வாசித்தால் தூள் விழும். செடியும் விழும்.

தம்பலகாமத்தான் | திங்கள், பகல் 12.30

கவை, துலக்கி எல்லாம் சரி. ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. கச்சான் மூன்று கிழமையாகச் செடியை ஆட்டு ஆட்டென்று ஆட்டுகிறது. வெளியில் நிற்கும் தக்காளிக்கு அந்த ஆட்டமே தாராளம். தன் தூளே தனக்குப் போதும் என்ற சாதி அது. பிறகு ஏன் காய் இல்லை?

சூடு. பகல் 32 பாகையைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் தக்காளித் தூளில் உயிர் இருக்காது. இரவு 24க்குக் கீழே இறங்காவிட்டாலும் பூ கொட்டும். ஆனி, ஆடியில் திருகோணமலையில் எந்த இரவு 24க்கு இறங்கியது? கச்சான் வரண்ட காற்று, குறியையும் காயவைத்துவிடும். செத்த தூளை எந்தச் சுருதியில் தட்டி என்ன? எங்கள் பக்கம் தக்காளிக்கு மாரி மழை ஓய்ந்து வாடை குளிரோடு வரும் மாதங்கள்தான் காலம். கார்த்திகையில் நாற்றுப் போட்டு மாசியில் பறிப்பது. இப்போது நிற்கும் செடிக்கு மேற்குப் பக்கம் கிடுகு கட்டுங்கள், வேருக்கு வைக்கோல் போடுங்கள். காலை எட்டு ஒன்பது மணிக்குள் கவை வேலையை முடியுங்கள்.

கத்தரி சூட்டைத் தாங்கும். அதில் உங்கள் வித்தை பலிக்கும். ஆனால் கத்தரியில் எல்லாப் பூவும் காய்க்காது. குறி கூம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பூவைத் தொடுங்கள். உள்ளே அமுங்கிக் கிடக்கும் குட்டைப் பூ எப்படியும் விழும். அதற்குச் சங்கீதம் வீண்.

இன்னொன்று. நான் முன்பு காலையில் மருந்தடிப்பேன். கருவண்டு செத்துக் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் அந்திக்கு மாற்றினேன். வளையில் துளை போடுகிறது என்று சீமெந்து பூசி அடைப்பவர்கள், கோடியில் ஒரு காய்ந்த முருங்கைக் கட்டையையாவது போட்டுவையுங்கள்.

கிண்ணியா ராத்தா | திங்கள், பிற்பகல் 2.40

புடோலை மறந்துவிட்டீர்களே! தங்கச்சி, பகலில் பந்தலுக்குக் கீழே நின்று பூவைத் தேடாதே. புடோல் பூ பொழுதுபட்ட பிறகுதான் விரியும். வெள்ளைப் பூ, ஓரமெல்லாம் நூல் நூலாகச் சுருண்டிருக்கும். கல்யாணப் பெண்ணின் முக்காட்டுக் கரை மாதிரி. இரவில் பறக்கும் அந்துப்பூச்சிக்காக விரிகிறது. ஆண் பூக்கள் ஒரே காம்பில் கொத்தாக வரும். பெண் பூ தனியாக, கீழே மெல்லிய வால் போலப் பிஞ்சோடு. நான் இஷாவுக்குப் பிறகு கைவிளக்கோடு போவேன். சுரையும் பீர்க்கும் அப்படித்தான், பொழுது சாயும் நேரத்தில் விரியும். ஆனால் நுரைப்பீர்க்கு காலையில் விரியும், அதில் ஏமாறாதே.

பிஞ்சு ஒரு சாண் வந்ததும் நுனியில் சின்னக் கல் கட்டு. இல்லாவிட்டால் பாம்பு மாதிரிச் சுருண்டு, சந்தையில் ஒருவரும் தொடமாட்டார்கள்.

நிலாவெளி வெங்காயம் | திங்கள், மாலை 5.05

இழைக்குப் புதியவன். எங்கள் கொடித்தோடை (பாஷன் பழம்) மஞ்சள் இனம். இரண்டு வருடமாகப் பூ மட்டும். பகல் பன்னிரண்டுக்குத்தான் பூவே விரிகிறது. ஒரே கொடியின் தூளை ஒரு பூவிலிருந்து மற்றப் பூவுக்குப் பூசிப் பார்த்துவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

பாலையூற்று வாத்தியார் | திங்கள், இரவு 7.30

மஞ்சள் கொடித்தோடை தன் தூளைத் தானே ஏற்காது. வேறு விதையில் முளைத்த இன்னொரு கொடி வேண்டும். பக்கத்து வளவில் இருந்தால் பகல் ஒரு மணிக்கு மேல் அங்கே போய், மகரந்தக்கூட்டை விரல் நுனியில் தேய்த்துக்கொண்டு வாருங்கள். வளைந்து தொங்கும் மூன்று குறியிலும் தடவுங்கள். இதற்கும் முதலாளி கருவண்டுதான். அதன் முதுகுப் பருமனுக்கு அளவெடுத்துத் தைத்தது போல அந்தப் பூ இருக்கும்.

கைவேலை என்று வந்துவிட்டதால் ஒரு பையனைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியவில்லை. வனிலாக் கொடியின் தாயகம் மெக்சிக்கோ. இந்து சமுத்திரத்தில் ரியூனியன் தீவுக்குக் கொண்டுவந்து நட்டார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவே இல்லை. 1841இல் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுவன், அடிமையாக இருந்தவன், மெல்லிய குச்சியொன்றால் பூவுக்குள் தூளையும் குறியையும் பிரிக்கும் சவ்வை உயர்த்தி, பெருவிரலால் இரண்டையும் ஒட்டவைத்தான். அந்தப் பூ ஒரு பகல்தான் விரிந்திருக்கும். இன்றும் உலகத்து வனிலாத் தோட்டங்களில் நடப்பது பெரும்பாலும் அதே குச்சி, அதே பெருவிரல் அசைவுதான். தீவு பணத்தில் கொழித்தது. அவன் ஏழையாகவே செத்தான்.

பனியில் திருமலை | செவ்வாய், காலை 5.15

சீனாவில் சிச்சுவான் பக்கம் பேரிக்காய்த் தோட்டங்களில் ஆட்கள் மரத்தில் ஏறிக் கோழி இறகால் பூவைத் தடவும் படங்கள் பார்த்திருக்கிறேன். அம்மா ஊரில் அன்னமுன்னா (சீத்தாப்பழம்) பூவுக்குப் பழைய எண்ணெய்த் தூரிகை ஒன்று வைத்திருந்தார். மாலையில் ஒரு பூவில் தூள் எடுத்துச் சிரட்டைக்குள் மூடிவைத்து, மறுநாள் விடிய வேறு பூவுக்குப் பூசுவார். அதே பூவுக்கு ஏன் பூசவில்லை என்று கேட்டால், ‘முதலில் அது பெண்ணாக இருக்கும், பிறகுதான் ஆணாக மாறும்’ என்பார். நான் அதைக் கதை என்று நினைத்திருந்தேன். இங்கே வந்து வாசித்தபோதுதான் அப்படியே உண்மை என்று தெரிந்தது.

கோட்டையடி மருமகள் | மூன்று கிழமை கழித்து, ஞாயிறு, காலை 10.30

தாமதத்துக்கு மன்னிக்கவும். சேர் நேரில் சொன்னபடி நூல் கட்டிச் சோதனை செய்தோம். கவை தொட்ட பூவுக்குச் சிவப்பு நூல், ஒன்றும் செய்யாததற்கு நீலம். சுருதிப்பெட்டி அண்ணாவின் மன ஆறுதலுக்காக இரண்டு கத்தரிச் சாடிகளை முன் முற்றத்துக்குக் கொண்டுபோய், வானொலியைப் பக்கத்தில் வைத்து, வெள்ளை நூல் கட்டினோம்.

கணக்கைச் சொல்கிறேன். கத்தரியில் சிவப்பு 10, அதில் 7 காய். நீலம் 10, அதில் 4. தக்காளியில் சிவப்பு 12க்கு 3, நீலம் 12க்கு 1. அந்த மூன்றும் எலுமிச்சை அளவில் நின்றுவிட்டன. தம்பலகாமத்து அண்ணை சொன்ன சூடு பொய்யில்லை.

வெள்ளை நூலுக்கு மட்டும் கணக்கு இல்லை. படலையை யாரோ திறந்து விட்டுவிட்டோம். விடியப் பார்த்தால் கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான் ஒன்று முற்றத்தில் நின்று, வானொலியைக் கேட்டபடி இரண்டு சாடியையும் நூலோடு சேர்த்துத் தின்றுகொண்டிருந்தது. நகரத்து ஆட்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. கடற்கரை வீதியில் மாடு மாதிரித்தான் திரிகின்றன. சங்கீதம் கேட்ட கத்தரி காய்த்திருக்குமா என்பது இனி அந்த மானுக்குத்தான் தெரியும்.

சுருதிப்பெட்டி | ஞாயிறு, காலை 10.41

மான் பாட்டுக்குத்தான் வந்தது என்று பதிவு செய்துகொள்ளுங்கள்.

பாலையூற்று வாத்தியார் | ஞாயிறு, முற்பகல் 11.20

பத்துப் பூக்களை வைத்து முடிவு கட்டக்கூடாது, மருமகளே. இன்னும் ஐம்பது பூவுக்காவது நூல் கட்டுங்கள். ஆனால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

கிண்ணியா ராத்தா | ஞாயிறு, பிற்பகல் 1.15

பூசணி என்ன ஆயிற்று, தங்கச்சி? அதைச் சொல்லவே இல்லையே.

கோட்டையடி மருமகள் | ஞாயிறு, இரவு 8.50

நாலு காய் நிற்கிறது, ராத்தா. ஒன்று கோணல். மூன்றாவது மடிப்பில் பூசும் நேரம் பிள்ளை அழுதுவிட்டாள்.

மாமாவைப் பற்றி எழுத மறந்துவிட்டேன். கவை வேலையை இப்போது அவர்தான் செய்கிறார், எனக்குத் தருவதில்லை. போன கிழமை கத்தரிக்குக் கிட்ட முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கருவண்டு ஒன்று வந்தது. கையைத் தூக்கி என்னைப் பேசாதே என்றார். வண்டு பறந்து வரும்போது ஒரு சத்தம். ஊதாப் பூவைக் கட்டிப்பிடித்துத் தலைகீழாகத் தொங்கியதும் சத்தம் குபீரென்று மேலே ஏறியது. விட்டுப் பறந்ததும் பழையபடி இறங்கியது. மூன்று பூவிலும் அப்படியே. ‘வரும்போது ஷட்ஜம், பிடிக்கும்போது கிட்டத்தட்டப் பஞ்சமம். சிறகை மடித்துவைத்துக்கொண்டு வாசிக்கிறான், பார்த்தாயா’ என்றார். சேர் எழுதியதை நான் அவருக்கு வாசித்தபோது அந்த இடத்தில் அவர் தூங்கிவிட்டிருந்தார், எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வானொலி இன்னும் ஐந்தரைக்குப் பாடத்தான் செய்கிறது. ஏழு மணிக்கு வண்டு வரும் நேரம் மட்டும் அவரே எழுந்து போய் நிறுத்திவிடுகிறார்.